280 கிலோ நிலக்கரியும் 1 சவரன் யுரேனியமும்

ஓமலூரிலிருந்து மேட்டூருக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் வண்டியை அணைத்துவிட்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. போன மாதம் அப்படி நின்றபோது பின்னால் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான். எல்லாம் மேல்மூடி இல்லாத பெட்டிகள். கறுப்பாகக் குவித்த கரி விளிம்புக்கு மேலேயும் தெரிந்தது. "அம்பத்தெட்டு மாமா!" என்றான். அப்புறம் அடுத்த கேள்வி: "இவ்வளவு கரியும் எத்தன நாளைக்கு வரும்?"

அப்போது என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டியில் ஏறக்குறைய 65 டன் ஏறும். 58 பெட்டிக்குச் சுமார் 3,800 டன். நம் ஊர் நிலக்கரியில் 1 யூனிட் மின்சாரம் எடுக்கக் கிட்டத்தட்ட 700 கிராம் வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு இருக்கின்றன. 1987-க்கும் 1990-க்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. 2013-ல் 600 மெகாவாட் அலகு ஒன்று சேர்ந்தது. மொத்தம் 1,440 மெகாவாட். அத்தனையும் முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 24,000 டன் நிலக்கரி தேவை. அதாவது அவன் எண்ணிய ரயில் மாதிரி தினமும் ஆறுக்கு மேல். அவன் பார்த்தது நான்கு மணி நேரத்துக்கும் குறைவான கரி.

அந்தக் கரி ஒடிசாவின் சுரங்கங்களில் கிளம்பி, ரயிலில் துறைமுகம் வந்து, கப்பலேறி, இறங்கி, மறுபடி ரயிலேறி நம் கேட்டைத் தாண்டுகிறது. எரிந்தபின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாக மிஞ்சும். இந்திய நிலக்கரியின் குணம் அது. சாம்பலில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைக்கும் சாம்பல் செங்கல் பட்டறைகளுக்கும் போகிறது. சேலத்தில் இப்போது கட்டும் பல வீடுகளின் சுவர் அந்தச் சாம்பல்தான். மீதி தண்ணீரோடு கலந்து சாம்பல் குளத்துக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாமல் புகைபோக்கி வழியாகப் போவதுதான் பெரிய பங்கு: கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள்.

அணு மின்சாரத்தின் சுற்றுச்சூழல் நன்மை என்று பேச ஆரம்பித்தால் நம்மில் பலர் உடனே ஃபுகுஷிமாவுக்கும் செர்னோபிலுக்கும் போய்விடுகிறோம். போக வேண்டியதுதான், நானும் போகப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஓமலூர் கேட்டில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும்போது அதை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாசே இல்லாத ஏதோ ஒரு கனவு மின்சாரத்தோடு வைத்துப் பார்த்தால் அணு உலை தோற்றுவிடும். இந்த 58 பெட்டி ரயிலோடு வைத்துப் பார்த்தால் கதையே வேறு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏ.சி. ஒன்று, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் வைத்து இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓட்டும் சாதாரண வீடு. அந்த மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்தால் 280 கிலோ கரி எரிகிறது. சுமார் ஒரு குவிண்டால் சாம்பல் மிஞ்சுகிறது. அதே 400 யூனிட்டைக் கல்பாக்கத்தில் இருப்பது போன்ற கனநீர் உலையில் (செறிவூட்டாத இயற்கை யுரேனியத்திலேயே ஓடும் உலை) எடுத்தால் ஏறக்குறைய 8 கிராம் இயற்கை யுரேனியம் போதும். 8 கிராம் என்றால் ஒரு சவரன். நகைக்கடைத் தராசில் ஒரு சவரன் காசு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தங்கமும் யுரேனியமும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அளவும் ஏறத்தாழ அதேதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கரியை எரிப்பது வேதிவினை. கார்பன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் கைகோக்கும்போது வெளிப்படும் சூடு அது. அணுக்கரு அப்படியே இருக்கும், வெளியே சுற்றும் எலக்ட்ரான்கள் மட்டும் இடம் மாறும். யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம் 235-ல் அணுக்கருவே இரண்டாகப் பிளக்கிறது. கருவைக் கட்டி வைத்திருக்கும் ஆற்றல் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலைவிடப் பல லட்சம் மடங்கு பெரியது. அதனால் வரும் சூடும் அந்த அளவுக்குப் பெரியது. அதற்குப் பிறகு எல்லாம் மேட்டூர் மாதிரிதான்: சூட்டில் தண்ணீர் ஆவியாகும், ஆவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும். நடுவில் நெருப்பு மட்டும் இல்லை. நெருப்பு இல்லாததால் புகையும் இல்லை, கந்தகமும் இல்லை, சாம்பலும் இல்லை.

"உலை ஓடும்போது புகை இல்லை, சரி. சுரங்கம் தோண்ட டீசல் எரியாதா? கான்கிரீட் கொட்ட சிமென்ட் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்காகத்தான் சுரங்கத்திலிருந்து உலையைப் பிரித்து மூடும் நாள் வரைக்கும் சேர்த்துக் கணக்கெடுக்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-ல் வெளியிட்ட அறிக்கையில் நடுமதிப்புகள் இருக்கின்றன. 1 யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்களை விடுகிறது. இயற்கை எரிவாயு 490, பெரிய சூரியப் பண்ணை 48, நீர்மின்சாரம் 24, அணு 12, நிலத்துக் காற்றாலை 11. நம் 400 யூனிட் வீட்டுக்குப் போட்டால் கரியில் 328 கிலோ, அணுவில் 5 கிலோவுக்கும் கீழே.

இது ஒரு வீட்டுக்கு. 1,000 மெகாவாட் நிலையம் ஒன்று 85 சதவீதத் திறனில் ஓர் ஆண்டு ஓடினால் 745 கோடி யூனிட் வரும். கரியில் அதை எடுக்க 52 லட்சம் டன் வேண்டும். 1,300 ரயிலுக்கு மேல். 18 லட்சம் டன் சாம்பல். கூடங்குளத்தின் ஓர் அலகு அதே ஆண்டில் தின்பது 25 டன் அளவு செறிவூட்டிய, அதாவது யுரேனியம் 235-ன் பங்கைக் கூட்டிய, எரிபொருள். இரண்டு மூன்று லாரி லோடு.

இந்த எண்கள் எனக்குப் புத்தகத்து எண்களாகத் தெரியாமல் போனதற்கு 2012 ஒரு காரணம். அந்த வருடம் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க ஒரு நாளைக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் மின்வெட்டு. ஜலகண்டாபுரம் பக்கம் என் மாமா ஒருவர் எட்டுத் தறி வைத்திருந்தார். பாவு ஏற்றி முடித்து, நாடாவில் ஊடைக் கட்டை போட்டு, தறி 'டக டக' என்று பிடித்த பத்தாவது நிமிடம் கரண்டு போகும். தறி பாதி அடியில் நின்றுவிடும். இருட்டில் எல்லோரும் வாசல் திண்ணைக்கு வந்து உட்காருவார்கள். ஓட்டும் மீட்டருக்குத்தான் கூலி என்பதால் தறி நின்றால் கூலியும் நிற்கும். "நெய்யறது எங்கீங்க, கரண்டு வருமா வராதான்னு பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான் வேலை" என்றார் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். வசதி உள்ளவர்கள் டீசல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். தெரு முழுக்க டீசல் புகை. அது கரியைவிட மோசம், நம் மூக்குக்கு நேரே விடுகிற புகை.

கூடங்குளம் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்கட்டத்தோடு இணைந்தது. இரண்டாவது 2016 ஆகஸ்டில். ஆனால் அந்த இருட்டு அகன்றதற்குக் கூடங்குளம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். மேட்டூரின் 600 மெகாவாட், வட சென்னை, வல்லூர் என்று புதிய அனல் அலகுகள் அதே காலத்தில் வந்தன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னக மின்கட்டம் நாட்டின் மற்ற மின்கட்டத்தோடு சேர்ந்தது. நமக்கு வெளிச்சம் கொடுத்ததில் பெரும்பங்கு கரிதான். அதை மறுக்க முடியாது. அந்த வெளிச்சத்தின் விலைதான் ஓமலூர் கேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, காற்றும் வெயிலும் இருக்கும்போது அணு எதற்கு? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நட்ட மாநிலம் இது. முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்திலும் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை காற்று வாரி வழங்கும். டிசம்பர், ஜனவரியில் றெக்கைகள் சோம்பி நிற்கும். வெயில் ஆண்டு முழுக்க உண்டு, ஆனால் ஆறு மணிக்கு மேல் கிடையாது. மேட்டூர் அணையிலேயே நீர்மின்சாரம் எடுக்கிறார்கள், ஆனால் அது டெல்டாவுக்குத் தண்ணீர் விடும் நாட்களைப் பொறுத்தது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மீதி மாதங்களில், அதுவும் கோடையின் உச்சத்தில், அந்தச் சுழலிகளுக்குத் தண்ணீர் அரிது. மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது 2024 கோடையில். ஏ.சி. போட்ட கோடை இரவுகளில் சூரியப் பலகைகளால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த இரவைத்தான் கரி சுமக்கிறது. மின்கலமும், கடம்பாறையில் இருப்பது போல மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமும் ஒரு பங்கைச் சுமக்கலாம், சுமக்க வேண்டும். ஆனால் கட்டம் முழுவதற்கும், மாதக்கணக்கில், காற்று இல்லாத பருவத்திலும் தாங்க இப்போதைக்கு அவை போதாது. நிலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பண்ணை 2,500 ஏக்கரில் இருக்கிறது. இரவு, மேகம் எல்லாம் கழித்து ஆண்டு சராசரி பார்த்தால், கூடங்குளத்தின் ஓர் அலகு தரும் யூனிட்டைத் தர கமுதி மாதிரி ஆறேழு வேண்டும். ராமநாதபுரத்து வறண்ட காட்டில் அது முடியும். சேலத்தில், ஒவ்வொரு ஏக்கரிலும் மரவள்ளியோ மாமரமோ நிற்கும் ஊரில், அது எளிதல்ல.

அணு உலையின் இயல்பு இதற்கு நேர் எதிர். ஒருமுறை ஓட ஆரம்பித்தால் மாதக்கணக்கில் ஒரே சீராக ஓடும். கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கு நடுவே இருக்கும் கைகா நிலையத்தின் முதல் அலகு 2016 மே தொடங்கி 2018 டிசம்பர் 31 வரை இடைவிடாமல் 962 நாள் ஓடியது. அப்போது அது உலக சாதனை. 220 மெகாவாட் சின்ன அலகு, நம் பொறியாளர்களே வடிவமைத்தது. அந்த 962 ராத்திரிகளில் அது எரிக்காமல் விட்ட கரியை நினைத்துப் பார்க்கிறேன்.

இது ஏற்காட்டுக்கும் சம்பந்தமுள்ள விஷயம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால், சேர்வராயன் மலையில் காபிச் செடிகள் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு மழைக்காகக் காத்திருக்கும். அந்த மழை பெய்த எட்டாவது, பத்தாவது நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துத் தோட்டமே மல்லிகை வாசம் அடிக்கும். மழை தள்ளிப் போனால் மொட்டு கருகும். தவறான நேரத்தில் பெய்தால் பூ ஒரே சமயத்தில் வராமல் விட்டு விட்டு வரும், பழமும் அப்படியே விட்டு விட்டுப் பழுக்கும், பறிப்புக்கு ஆள் கூலி இரட்டிக்கும். அராபிகா ரகத்துக்கு வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால்தான் நிம்மதி. வெயில் ஏறினால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சிக்குக் கொண்டாட்டம். தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு செடியின் தண்டை விரலால் அழுத்திக் காட்டினார், மேலே பட்டை நன்றாக இருந்தது, உள்ளே தூளாக உதிர்ந்தது. "முன்னெல்லாம் மழை தேதி போட்ட மாதிரி வரும்ங்க. இப்ப அதுக்கே தெரியல எப்ப வர்றதுன்னு" என்றார்.

அவர் தோட்டத்து வெப்பம் மேட்டூர் புகையால் மட்டும் ஏறவில்லை. உலகம் முழுவதும் விட்ட புகை அது. ஆனால் ஏற்காட்டின் லேடீஸ் சீட் பார்வை முனையில் நின்று, வானம் தெளிந்த நாளில் மேற்கே பார்த்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் பளபளப்பது தெரியும். அந்தத் திசையில்தான் நம் பங்கும் இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். முதலில் தண்ணீர். அணு உலை தண்ணீரைச் சேமிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் ஆவி கரி நிலையத்தின் ஆவியைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் இருப்பதால், ஒரு யூனிட்டுக்கு வெளியேற்றும் கழிவுச் சூடு கூடுதல். கூடங்குளமும் கல்பாக்கமும் கடலோரத்தில் இருப்பது அதனால்தான். குளிர்விக்க எடுத்த கடல்நீர் சூடேறித் திரும்பிப் போகிறது. அந்தச் சூடு கரையோர மீனை என்ன செய்கிறது என்று கேட்க மீனவர்களுக்கு முழு உரிமை உண்டு. 2011-லும் 2012-லும் இடிந்தகரையில் திரண்டவர்கள் கேட்டதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிப் பேசியவர்கள் பெரிய தவறு செய்தார்கள் என்றே நினைக்கிறேன். மேட்டூரில் காவிரித் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறோம், அங்கே கடலைச் சூடாக்குகிறோம். ஆற்று நீர் மிச்சமாவது நமக்கு நல்லது. அதற்கான விலையை அவர்கள் கரையில் வைக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது சுரங்கம். சேலத்துக்காரர்களுக்குச் சுரங்கம் என்றால் என்னவென்று தெரியும். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் ரயிலில் போகும்போது தோண்டிப் போட்ட வெள்ளைக்கல் மேடுகளைப் பார்த்தே வளர்ந்தோம். சேர்வராயன் மலை உச்சியில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனதையும் பார்த்தோம். யுரேனியம் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியிலும் எடுக்கப்படுகிறது. நம் நாட்டுத் தாது மட்டமானது, 1 டன் அரைத்தால் அரைக் கிலோ அளவில்தான் யுரேனியம் கிடைக்கும். அரைத்த மண் கதிரியக்கத்தோடு குளங்களில் நிற்கிறது, பக்கத்தில் பழங்குடி ஊர்கள். நம் சவரன் யுரேனியத்துக்கு 16 முதல் 20 கிலோ மண். 280 கிலோ கரிக்கும் அதற்காகப் புரட்டிய மேல்மண்ணுக்கும் முன்னால் அது சின்னது. அளவு சின்னதாக இருக்கிறது என்பதற்காக ஜாதுகுடாக்காரரிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்தக் குளங்களுக்குக் கரை, அடிப்பூச்சு, வெளியார் கண்காணிப்பு எல்லாம் மின்சாரத்தின் விலையிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

கழிவு. எரிந்து முடிந்த அந்த 8 கிராம்தான் அதிக ஆபத்தானது. முதல் சில ஆண்டு தண்ணீர்த் தொட்டியில் குளிர்விக்க வேண்டும். கல்பாக்கத்தில் மறுசுத்திகரிப்பு செய்து, பயன்படும் புளுட்டோனியத்தைப் பிரித்து, மீதியைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு நிலத்தடியில் ஆழமாக வைக்கும் நிரந்தர இடம் இந்தியாவில் இன்னும் இல்லை. இது உண்மையான குறை. ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்: அணுக் கழிவு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கு இருக்கிறது. கரியின் கழிவில் பெரும்பகுதிக்கு முகவரியே கிடையாது. அதை நாம் மூச்சில் இழுக்கிறோம். நிலக்கரிச் சாம்பலிலும் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கந்தகத்தை வடிகட்ட வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போய், 2025-ல் நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்கு அந்த விதியிலிருந்தே விலக்கு கொடுத்தாயிற்று. ஓர் அணு உலைக்கு இப்படி ஒரு விலக்கு கொடுத்திருந்தால் நாடே கொந்தளித்திருக்கும், அது சரியும்கூட. கரிக்குக் கொடுத்தபோது டீக்கடையில்கூட யாரும் பேசவில்லை.

விபத்து. செர்னோபில் 1986-ல் வெடித்தது. அந்த உலைக்கு, வெடித்தாலும் கதிரியக்கத்தை அடக்கி வைக்கும் கான்கிரீட் கூடு கிடையாது. கூடங்குளத்து உலைகளுக்கு இரட்டைக் கூடு. ஃபுகுஷிமாவில் 2011-ல் சுனாமி மாற்று ஜெனரேட்டர்களை மூழ்கடித்துக் குளிர்விப்பு நின்றது. நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் இறந்தவர்கள், காணாமல் போனவர்களையும் சேர்த்து, 18,000-க்கு மேல். கதிரியக்கத்தால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒருவர். அவசரமாக ஊரைக் காலி செய்ததில், முதியோரை மருத்துவமனையிலிருந்து தூக்கிப் போனதில், இறந்தவர்கள் 2,000-க்கும் மேல். இந்தக் கடைசி எண் என்னை உறுத்துகிறது. அச்சமும் கொல்லும். இரண்டு விபத்தையும் சேர்த்து, 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' தொகுத்த கணக்கின்படி 100 கோடி யூனிட்டுக்கு அணுவால் இறப்பது சராசரியாக 0.03 பேர். நிலக்கரியால் 24-க்கு மேல், பெரும்பாலும் காற்று மாசால். கரியின் மரணம் ஒரே நாளில் வராது, அதனால் அது செய்தியும் ஆகாது.

அணுவின் பெரிய பலவீனமாக நான் நினைப்பது தாமதம். கூடங்குளத்துக்கு 1988-ல் கையெழுத்தாயிற்று. கட்டுமானம் தொடங்கியது 2002-ல். மின்சாரம் வந்தது 2013-ல். கையெழுத்தான நாளில் பிறந்த குழந்தைக்கு அப்போது 25 வயது. புவி சூடேறும் வேகத்துக்கு இந்த நடை போதாது. நாடு முழுக்க உற்பத்தியாகும் மின்சாரத்தில் அணுவின் பங்கு இன்றைக்கும் சுமார் 3 சதவீதம்தான்.

காபித் தோட்டத்துப் பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப நம்ம மேட்டூர்லயே ஒண்ணு கட்டிருவாங்களாங்க?"

கட்ட வேண்டியதில்லை. கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர் கிடையாது. கூடங்குளத்தில் 3, 4-ஆம் அலகுகளின் கட்டுமானம் 2017-லும், 5, 6-ஆம் அலகுகளின் கட்டுமானம் 2021-லும் தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். மேட்டூரின் நான்கு பழைய அலகுகளும் சேர்ந்து 840 மெகாவாட்தான், முதலாவதுக்கு வயது 40-ஐத் தொடுகிறது. புதியவற்றில் ஒன்றின் மின்சாரம் முழுதாக நமக்குக் கிடைத்தாலே அந்த நான்கையும் நிறுத்தலாம். நிறுத்தினால் தினமும் 14,000 டன் கரி, ஓமலூர் கேட்டில் மூன்றரை ரயிலுக்கு மேல் குறையும். பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப கேட்டும் சீக்கிரம் தொறந்துருவாங்க" என்றார்.